ஸ்ட்ரிப் மாற்றிய டிவி மறுபடி ஏன் இருண்டுபோகிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐடிஐ முடித்துவிட்டு வீட்டிலேயே சர்வீஸ் வேலை தொடங்கியிருக்கிறாராம். அவரிடம் திரும்பி வந்திருக்கும் ஒரு 32 இன்ச் எல்இடி டிவியை ஆன் செய்தால் படம் இரண்டு விநாடி தெரிந்து இருண்டுவிடுகிறது. சத்தம் மட்டும் ஓடுகிறது. ஏழு மாதத்துக்கு முன்புதான், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் மூன்று பேக்லைட் ஸ்ட்ரிப்பையும் புதிதாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் எட்டு எல்இடி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சீரிஸ் இணைப்பில். அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவருக்கு வருவது 24 வோல்ட். ஸ்ட்ரிப் மட்டமா, போர்டில் கோளாறா, இந்த டிரைவர் சர்க்யூட் எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்கிறார். "எங்க தோட்டத்துல வோல்டேஜ் ஏறி இறங்கும், அதுதான் காரணம்" என்று டிவியின் சொந்தக்காரர் சொல்வது சரியா என்பதும் அவர் கேள்வி.

தம்பி, ஸ்ட்ரிப் மட்டமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் முதலில் இருந்த கம்பெனி ஸ்ட்ரிப்பும் போய்த்தானே அந்த டிவி உங்களிடம் வந்தது? அதைக் கொன்றது எதுவோ, அதுவேதான் இரண்டாவதையும் கொன்றிருக்கும். அனேகமாக அது கரண்டும் சூடும். எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளக்காமல் ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அந்த டிவி திரும்பி வரும் நாளையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறோம்.

முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் மெயின் போர்டும் பேனலும் நன்றாக இருக்கின்றன, வெளிச்சம் மட்டும்தான் இல்லை. "பேனல் போச்சு, டிவியைத் தூக்கிப் போடுங்க" என்று சொல்லப்பட்ட எத்தனையோ டிவிகள் இந்த டார்ச் சோதனையில் பிழைத்திருக்கின்றன.

அடுத்து, பேக்லைட் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து, ஆன் செய்யும் அந்த இரண்டு விநாடியில் வோல்டேஜ் எப்படிப் போகிறது என்று பாருங்கள். உங்கள் டிவியில் 24 எல்இடி. ஒன்றுக்குச் சுமார் 3.1 வோல்ட் என்றால் மொத்தம் 74 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி நூறு பக்கம் ஒரு கணம் ஏறி, பிறகு 24க்கு விழுந்துவிட்டால் ஸ்ட்ரிப்பில் எங்கோ ஓபன். கரண்ட் போக வழியில்லாமல் டிரைவர் வோல்டேஜை ஏற்றிப் பார்த்து, ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பில் தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஏறவே ஏறாமல் 24லேயே நின்றால் டிரைவர் தொடங்கவே இல்லை. ஐசி அல்லது மாஸ்ஃபெட் (வேகமாக ஆன் ஆஃப் ஆகும் சுவிட்ச்) போயிருக்கலாம், அல்லது மெயின் போர்டிலிருந்து 'பேக்லைட் ஆன்' சிக்னல் வரவில்லை. சுத்தமாக வோல்டேஜே இல்லை என்றால் ஃபியூஸ், காயில், டயோடு என்ற வழியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. இந்த ஒரு அளவீட்டிலேயே எதைப் பிரிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பேனலைப் பிரிப்பது ஆபத்தான வேலை என்பதால் இதைச் செய்யாமல் அதில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில டிவி பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் இருளும். ஆற விட்டால் மறுபடி எரியும். எல்இடிக்குள் இருக்கும் முடி போன்ற கம்பி இணைப்பு சூட்டில் விலகி, ஆறினால் ஒட்டிக்கொள்வதால் இது வரும். ஆறிய நிலையில் எல்இடி டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எல்லா எல்இடியும் நல்லதாகவே தெரியும். கொஞ்ச நேரம் எரிய விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இனி டிரைவருக்கு வருவோம். வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீல எல்இடி, அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்இடி பேக்லைட் வருவதற்கு முன்பு எல்சிடி திரைக்குப் பின்னால் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. அவற்றை எரிக்கப் பல நூறு வோல்ட் ஏசி தரும் இன்வெர்ட்டர் போர்டு தேவைப்பட்டது.

எல்இடியின் குணம் சாதாரண பல்பு போல இல்லை. 3.0 வோல்ட் கொடுத்தபோது போகும் கரண்ட், 3.2 வோல்ட்டில் இரட்டிப்பாகக்கூட ஆகலாம். அதோடு, எல்இடி சூடாக ஆக, அதே கரண்டுக்குத் தேவைப்படும் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் வீதம் இறங்கிக்கொண்டே போகும். ஆக, வோல்டேஜை மாறாமல் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? சூடு ஏறும், கரண்ட் கூடும், கரண்ட் கூடியதால் இன்னும் சூடு ஏறும். கடைசியில் எல்இடி எரிந்து போகும். அதனால்தான் பேக்லைட் டிரைவர் வோல்டேஜைப் பிடித்து வைப்பதில்லை, கரண்டைப் பிடித்து வைக்கிறது. வோல்டேஜ் தேவைக்கேற்ப எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும்.

உங்கள் டிவியில் 24 வோல்ட்டை 74 ஆக ஏற்றுவது பூஸ்ட் சர்க்யூட். ஒரு காயில், ஒரு மாஸ்ஃபெட், ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், இவற்றை ஆட்டுவிக்க ஒரு ஐசி. மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது காயில் வழியாகக் கரண்ட் தரைக்குப் பாய்ந்து, காயிலில் சக்தி சேர்கிறது. ஆஃப் ஆனதும் காயில் தன் கரண்டை நிறுத்த விடாது. எதிர்ப்பக்கம் எவ்வளவு வோல்டேஜ் இருந்தாலும் அதைத் தாண்டி எகிறி, டயோடு வழியாகக் கெப்பாசிட்டரில் கொட்டிவிடுகிறது. நம் தாத்தாக்கள் கிணற்றில் கவலை ஓட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு பின்னால் நகரும்போது சால் கீழே மொள்கிறது, முன்னால் இழுக்கும்போது அந்தத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் விழுகிறது. இங்கே அது விநாடிக்கு லட்சம் தடவைக்கு மேல் நடக்கிறது, அவ்வளவுதான். மாஸ்ஃபெட் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பங்கு நேரம் ஆனில் இருக்கிறது என்பதுதான் ஏற்றத்தைத் தீர்மானிக்கும். 24லிருந்து 74க்குப் போகக் கணக்குப்படி சுமார் 68 சதவீதம்.

இதிலிருந்து வேலைக்கு உதவும் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, அந்த டயோடு மிக வேகமானதாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு டப்பாவில் கிடைக்கும் 1என்4007ஐப் போட்டால், அது 50 ஹெர்ட்ஸுக்குப் பிறந்த டயோடு, இந்த வேகத்தில் அணைந்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். சூடாகித் தானும் போகும், மாஸ்ஃபெட்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஷாட்கி அல்லது அதிவேக ரெக்கவரி டயோடு, 150 அல்லது 200 வோல்ட் தாங்குவதாகப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். பூஸ்ட் சர்க்யூட்டுக்கு ஏற்றத்தான் தெரியும், உள்ளே வரும் வோல்டேஜுக்குக் கீழே இறக்கத் தெரியாது. மாஸ்ஃபெட் சும்மா இருந்தால்கூட 24 வோல்ட் காயில், டயோடு வழியாக நேராக ஸ்ட்ரிப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சீரிஸில் இருக்க வேண்டிய மூன்று ஸ்ட்ரிப்பை யாராவது பேரலலாக (பக்கம் பக்கமாக) மாற்றிவிட்டால் தேவையான வோல்டேஜ் 25க்கு வந்துவிடுகிறது. எல்இடி கொஞ்சம் சூடானதும் அது 24க்கும் கீழே போகும். அந்தக் கணம் முதல், எல்இடிக்குத் தொடராக வேறு ஒரு சுவிட்ச் மாஸ்ஃபெட் இல்லாத போர்டுகளில், கரண்ட் டிரைவரின் பிடியில் இல்லை. ஸ்ட்ரிப் கனெக்டரின் வயரைப் பழையபடியே போட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, கரண்ட் எங்கே தீர்மானமாகிறது? எல்இடி வரிசையின் மைனஸ் முனை நேராகத் தரைக்குப் போவதில்லை. இடையில் மிகச் சிறிய மதிப்புள்ள சென்ஸ் ரெசிஸ்டர்கள் இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று பேரலலாக. அதன் குறுக்கே வரும் வோல்டேஜை ஐசி பார்த்துக்கொண்டே இருக்கும். ஐசிக்குள் ஒரு குறிப்பு வோல்டேஜ் உண்டு. அதோடு சமமாகும் வரை ஏற்றும், தாண்டினால் இறக்கும். குறிப்பு வோல்டேஜ் 0.2 என்றும், 2 ஓம் ரெசிஸ்டர் மூன்று பேரலலாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.667 ஓம். 0.2ஐ அதால் வகுத்தால் 300 மில்லி ஆம்பியர். உங்கள் போர்டில் குறிப்பு வோல்டேஜ் எவ்வளவு என்பதை ஐசியின் டேட்டாஷீட்டில் பாருங்கள், இது ஐசிக்கு ஐசி மாறும்.

விற்பனைக் கூடத்தில் பக்கத்து டிவியை விடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல டிவிகளில் எல்இடியைத் தாங்கும் எல்லைக்கு மிக அருகில் ஓட்டுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். பழைய ஸ்ட்ரிப்பில் பாஸ்பர் கருகி, எல்இடி நீலமாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள்; அது அதிகக் கரண்ட் விட்டுச் சென்ற அடையாளம். ஆகவே ஸ்ட்ரிப் மாற்றும்போதே கரண்டைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ஒரு 2 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் மொத்தம் 1 ஓம், கரண்ட் 200 மில்லி ஆம்பியர். அது கொஞ்சம் அதிகக் குறைப்பு. அந்த இடத்தில் 4.7 ஓம் போட்டால் மொத்தம் 0.82 ஓம், கரண்ட் 242 அளவில் நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்ட்ரிப்பில் எரியும் சக்தி 22 வாட்டிலிருந்து 18 வாட்டுக்கு இறங்கும். எல்இடி குறைந்த கரண்டில் இன்னும் திறமையாக வெளிச்சம் தரும் என்பதால் வெளிச்சம் அதே அளவு குறைவதில்லை. நம் கண்ணுக்கும் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இதை டிவிக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கரண்டை அளக்க மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து பேக்லைட் வயரில் சீரிஸாக இணைக்கலாம். இல்லையென்றால் சென்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் பார்த்து ஓமால் வகுத்துக்கொள்ளலாம். டிவி மெனுவில் பேக்லைட் 100இல் இருக்கும்போது அளக்க வேண்டும். குறைத்து வைத்திருந்தால் பெரும்பாலான டிவிகளில் டிரைவர் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடும். மீட்டர் காட்டுவது சராசரி மட்டும்தான். மொபைல் கேமராவில் டிவியைப் பார்க்கும்போது பட்டை பட்டையாக ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

மெனு என்றதும் ஒன்று. பிரைட்னஸ் வேறு, பேக்லைட் வேறு. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது படத்தின் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றும். எல்இடி கரண்டைத் தொடாது. பேக்லைட் என்று தனியாக இருப்பதை 60, 70க்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். டிவி சாப்பிடும் கரண்டில் பெரும்பங்கு பேக்லைட்டுக்குத்தான் போகிறது என்பதால் மின்சாரமும் மிச்சமாகும். வாடிக்கையாளருக்கு ஒரு காசு செலவில்லாத இந்த வேலையை நான் ஒவ்வொரு டிவியிலும் செய்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஸ்ட்ரிப் விஷயத்தில், நீளமும் எல்இடி எண்ணிக்கையும் ஒத்திருந்தால் போதாது. எல்இடிகளின் மேலுள்ள லென்ஸ்களின் இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரையில் வெள்ளை வட்டங்கள் தெரியும். 3 வோல்ட் எல்இடியா, ஒரே கூட்டுக்குள் இரண்டு சிப் வைத்த 6 வோல்ட் எல்இடியா என்று பாருங்கள். 3 வோல்ட் டிவியில் 6 வோல்ட் ஸ்ட்ரிப் போட்டால் தேவையான வோல்டேஜ் பாதுகாப்பு எல்லையைத் தாண்டி, டிவி உடனே இருண்டுவிடும். நல்ல ஸ்ட்ரிப் போட்டும் போர்டு கெட்டதாகத் தெரியும். அப்புறம் சூடு வெளியேறும் வழி. அலுமினிய ஸ்ட்ரிப்பை, பின்னால் இருக்கும் தகட்டில் காற்றிடைவெளி இல்லாமல் சூடு கடத்தும் டேப்பால் ஒட்ட வேண்டும். மலிவான ஃபைபர் ஸ்ட்ரிப்பைச் சாதாரண டபுள் டேப்பில் ஒட்டினால் எல்இடியின் சூடு எங்கே போகும்? ஈரோட்டுப் பக்கம் சித்திரையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அட்டைக் கூரை வீட்டுச் சுவரில், காற்றுப் புகாத ஷோகேஸுக்குள் இருக்கும் டிவியின் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

போன ஒரு எல்இடியை மட்டும் ஜம்பர் போட்டு ஷார்ட் செய்து டிவியை ஓட வைப்பவர்கள் உண்டு. கரண்ட் மாறாத சர்க்யூட் என்பதால் அது எரியத்தான் செய்யும். ஆனால் மீதி எல்லாமும் அதே வயதுள்ள, அதே சூட்டில் வெந்த எல்இடிகள். நான் அதைச் செய்வதில்லை. அதைவிடக் கெட்டது, ஐசியின் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பை ரெசிஸ்டர் மாற்றி ஏமாற்றுவது. ஓபனான இடத்தில் பொறி பறந்து, ஸ்ட்ரிப்பும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் கருகும். தயவுசெய்து அதில் மட்டும் கை வைக்காதீர்கள். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். ஒரு சாதாரண பல்பின் இரண்டு வயரை வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே போர்டைத் தொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் வேண்டாம்.

வோல்டேஜ் பற்றி டிவிக்காரர் சொன்னதற்கு வருகிறேன். தோட்டத்து வீடுகள் லைனின் கடைசியில் இருக்கும். பகலில் கிணற்று மோட்டார்கள், தறி ஓடும் ஊர் என்றால் பவர்லூம்கள், எல்லாம் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும், இரவில் ஏறுவதும் உண்மைதான். ஆனால் அதனால் ஸ்ட்ரிப் போகவில்லை. டிவியின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் அதே 24 வோல்ட்டைத்தான் வெளியே தரும். அதற்கு மேல் பூஸ்ட் ஐசி கரண்டைத் தனியாகக் கவனிக்கிறது. மெயினில் 160 இருந்தாலும் 230 இருந்தாலும் எல்இடிக்கு ஒன்றுதான். குறைந்த வோல்டேஜில் பவர் சப்ளைதான் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். அதன் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள், மாற்றுவதென்றால் 105 டிகிரி என்று எழுதியதைப் போடுங்கள்.

உண்மையான ஆபத்து லைனில் நியூட்ரல் வயர் அறுவதில் இருக்கிறது. அப்போது ஒரு வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறலாம். பவர் சப்ளை நுழைவாயிலில் இருக்கும் வேரிஸ்டர் வெடித்து ஃபியூஸைப் போக்கி மற்றதைக் காப்பாற்றும். அது வெடித்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள், புதிது போடுங்கள். சாதாரண ஸ்டெபிலைசர் இந்தத் திடீர் ஏற்றத்தைப் பிடிக்கும் அளவுக்கு வேகமானதில்லை. வேறு எதற்காவது வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், பேக்லைட்டைக் காப்பாற்ற என்று வாங்கச் சொல்லாதீர்கள்.

இதே சர்க்யூட்டைச் சிறியதாக எல்சிடி திரை உள்ள மொபைலிலும் டேப்லெட்டிலும் பார்ப்பீர்கள். டிபிஎஸ்61165 என்ற டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஐசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். குறிப்பு வோல்டேஜ் 0.2, சீரிஸில் பத்து எல்இடி வரை, சென்ஸ் ரெசிஸ்டர் 10 ஓம் போட்டால் 20 மில்லி ஆம்பியர். டிவிக்கு நாம் போட்ட அதே கணக்கு. ஓஎல்இடி திரையில் பேக்லைட்டே கிடையாது, அங்கே இதைத் தேடாதீர்கள். அப்புறம் கோவை, திருப்பூர் பக்கம் மில்களில் பழைய மெஷின்களின் கட்டுப்பாட்டுத் திரைகள் சிலவற்றில் இன்னும் அந்தக் குழல் விளக்குகள் இருக்கும். விளக்கையும் இன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டு எல்இடி பட்டையும் கரண்ட் டிரைவர் போர்டும் வைத்துக் கொடுக்கலாம். இன்வெர்ட்டருக்கு வந்த சப்ளை, ஆன் சிக்னல், டிம் சிக்னல், தரை ஆகியவற்றையே பெரும்பாலும் புதிய போர்டுக்கும் தரலாம். வோல்டேஜ் ஒத்துவருகிறதா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். உங்கள் வேலையை விரிவாக்க நல்ல வழி அது.

இந்த டிவிக்கு இப்போது செய்ய வேண்டியது: கனெக்டரில் வோல்டேஜ் ஏறி விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் பேனலைப் பிரித்து மூன்று ஸ்ட்ரிப்பையும் அலுமினியத்தில் வாங்கிப் போடுங்கள். வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் ஷீட்டுகளை எடுத்த வரிசையிலேயே, தூசி படாமல் திரும்ப வையுங்கள். கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ரிப்பன்களை இழுத்துவிடாதீர்கள். மூடுவதற்கு முன் கரண்டை அளந்து, ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, ஒரு மணி நேரமாவது எரிய விட்டுப் பாருங்கள். குறைத்த பிறகு வந்த அளவை போர்டிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள், அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் உதவும். டிவியைத் திரும்பக் கொடுக்கும்போது, கோடை மழைக்கு இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.